சேலஞ்சர் கண்ணாடியில் ஒரு கட்டைவிரல்

1

பதிவு அலுவலகத்துக் கருவி என் இடது கட்டைவிரலை நான்கு முறை மறுத்தது. ஐந்தாம் முறை எழுத்தர் தன் கைக்குட்டையால் கருவியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, என் விரலைத் தானே பிடித்து அழுத்தினார். மறுபடியும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"கையில இன்னா சார் வேலை பண்றீங்க? ரேகையே இல்லியே."

"ஃபேக்டரில இருக்கேன். லீவு நாள்ல கார் செய்வேன். பெயின்ட் அடிச்சு, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பேன்."

"பிரான்சுல பெயின்டரா?"

பக்கத்தில் நின்றிருந்த என் தங்கை வசந்திக்குப் பொறுக்கவில்லை. "பொம்ம காரு சார். இத்தினியூண்டு. இவரு ஃபேக்டரில ஆபீசரு."

நான் ஆபீசர் இல்லை. பாரிஸுக்கு வடக்கே, ரயிலில் நாற்பது நிமிடத் தொலைவில் இருக்கும் ஒரு சிறிய ஊரில், மருத்துவக் கருவிகளுக்குப் பிளாஸ்டிக் பாகம் செய்யும் தொழிற்சாலையில் அளவு சோதிக்கிறவன். வைத்திக்குப்பத்தை ஒட்டிய தெருவில் உள்ள எங்கள் பெற்றோர் வீட்டில் வசந்திதான் குடியிருக்கிறாள். என் பாகத்தை அவளுக்கே விட்டுக்கொடுத்து எழுதித் தர மூன்று வார விடுப்பில் புதுச்சேரி வந்திருந்தேன்.

எழுத்தர் கடைசியில் கருவியைத் தள்ளி வைத்துவிட்டு மைப்பெட்டியை எடுத்தார். விரலை உருட்டித் தாளில் வைத்தார். ரேகைகள் மங்கலாகத்தான் விழுந்தன. ஆனால் அவற்றின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, சாய்வாக, முனையில் சிறிய கொக்கி போல வளைந்து, தெளிவாக விழுந்தது. இளம் வயதில் பட்ட வெட்டு அது.

"இந்த வெட்டு ஒண்ணு போதும் சார், ஆள அடையாளம் காட்ட" என்றார்.

பத்திரத்தில் கதவு எண் ஒரு இடத்தில் தவறாக இருந்தது. வசந்தி பேனாவை எடுத்து மேலேயே திருத்தப் போனாள்.

"மேல எழுதக் கூடாதும்மா. ஒத்தக் கோடு போட்டு அடிங்க. தப்பு என்னன்னு கீழ தெரியணும். பக்கத்துல அண்ணன் கையெழுத்து போடட்டும்."

தொழிற்சாலைப் பதிவேட்டிலும் எங்களுக்கு இதே விதிதான். எழுத்தர் மேல் எனக்கு மரியாதை வந்தது. கை கழுவ அங்கே குழாய் இல்லாததால் விரலில் மையுடனேயே வெளியே வந்தேன்.

2

இந்தக் கார் விஷயத்தை ஊரில் சொல்லிப் புரியவைப்பது சிரமம். வசந்தியின் கணவர் என் கைப்பேசியில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஓடுமா மச்சான்?"

"ஓடாது மாப்ள."

"அப்புறம் எதுக்கு எஞ்சினுக்கு வயரு?"

கைப்பேசியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

என் மனைவி மாலாவின் அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அதனால் அவளுக்கு, அவளைக் கல்யாணம் செய்துகொண்டதால் எனக்கு. நம் ஊரில் பலர் இந்த வரிசையில்தான் பிரான்ஸ் போகிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சிலும் எழுதிய நீலத் தெருப்பலகைகளைப் படித்தே வளர்ந்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும் என்று நம்பிக்கொண்டு விமானம் ஏறினேன். தெருப் பெயர்களைத் தவிர ஒன்றும் தெரியாது என்பது முதல் வாரமே ரொட்டிக் கடையில் தெரிந்துவிட்டது. வேலையும் இல்லை. குளிர் வேறு.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் விற்கும் சந்தையில் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் கதவு, சக்கரம், இருக்கை என்று சிறிய பாகங்கள் காய் காயாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஊரை விட்டு வருவதற்குமுன் தட்டாஞ்சாவடியில் சோப்பு டப்பாவும் சீப்பும் வார்க்கும் கடையில் ஆறு வருடம் சோதனை வேலை பார்த்தவன் நான். அங்கே அச்சிலிருந்து வெளியே வரும் சட்டமும் இதுவும் ஒன்றுதான். பாகத்தை எங்கே வெட்டிப் பிரிக்க வேண்டும், எங்கே பிசிறு இருக்கும், எங்கே குழி விழுந்திருக்கும் என்று பெட்டியை வாங்கும்போதே தெரிந்தது. அந்த நாட்டில் என் கைக்குப் புரிந்த முதல் பொருள் அது.

பெட்டியின் மேல் படத்தில் இருந்தது ஓர் அமெரிக்கக் கார். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் அங்கே இளைஞர்களுக்காகச் செய்தவை. இரண்டே கதவு, அளவுக்கு மீறிய எஞ்சின், நீண்ட மூக்கு. மஸ்ல் கார் என்பார்கள். அன்றிலிருந்து நான் கட்டுவது இவற்றை மட்டும்தான். உண்மைக் காரின் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. அமெரிக்காவுக்கு நான் போனதில்லை. இந்தக் கார்களில் ஒன்றில்கூட ஏறியதில்லை. பிரான்சில் எங்கள் ஊரில் இப்படிக் கார் கட்டுகிறவர்களின் சங்கத்தில் பதினொரு பேர் இருக்கிறோம், மற்ற பத்துப் பேரும் போனதில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை. பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுவேன். அடிப்பூச்சு, தேய்ப்பு, வண்ணம், மறுபடி தேய்ப்பு. கண்ணாடி மாதிரித் தெளிவான பாகங்களைத் தொட, விரல் தடம் படாமல் இருக்கப் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வேன். ஒவ்வொரு காருக்கும் தனி நோட்டு உண்டு. என்ன செய்தேன், எத்தனை மணிக்குச் செய்தேன், என்ன தவறியது எல்லாம் அதில் இருக்கும். முப்பத்தொரு கார் முடித்திருக்கிறேன். ஒன்று முடியவில்லை.

3

முடியாதது 1970 மாடல் சேலஞ்சர். பத்தொன்பது சென்டிமீட்டர் சொச்சம் நீளம். அதன் நிறத்தை என் மகன் அருண் தேர்ந்தெடுத்தான். பெட்டிப் படத்தில் இருந்தபடியே அடர்ந்த ஊதா. மாலா பார்த்துவிட்டு, "கத்தரிப்பூ கலர்ல யாராவது கார் வாங்குவாங்களா?" என்றாள். அமெரிக்காவில் உண்மையிலேயே வாங்கினார்கள் என்று அருண் அவளிடம் பத்து நிமிடம் வாதாடினான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது.

எஞ்சினை அவனே செய்தான். பழைய தொலைபேசி வயரைப் பிரித்து, மயிரிழை போன்ற எட்டுக் கம்பிகளை எடுத்து, எட்டுச் சிலிண்டருக்கும் இழுத்தான். எதை எதோடு இணைப்பது என்று நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்து வந்தான். ஒன்று, எட்டு, நான்கு, மூன்று, ஆறு, ஐந்து, ஏழு, இரண்டு. சாப்பிடும்போது மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பான். மூடியைத் திறந்து பார்க்காவிட்டால் யாருக்கும் தெரியாத வேலை. என்னைவிடச் சுத்தமாகச் செய்திருந்தான்.

மிச்சம் இருந்தது முன்கண்ணாடி. பொருத்திவிட்டு, அதன் உள்பக்கம் டிரைவர் பின்னால் பார்க்கிற சிறு கண்ணாடியை சூப்பர் க்ளூவில் ஒட்டினேன். தூசி படக் கூடாது என்று காரைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடினேன். மறுநாள் காலை திறந்தால் முன்கண்ணாடி பனி படர்ந்ததுபோல் வெளுத்திருந்தது. நடுவில் இன்னும் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் பதிவு.

கையில் பசையோடு யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வீட்டில் மேசைக்கு வருகிறவர்கள் இரண்டே பேர். எனக்குக் கையுறை விதி உண்டு.

"தொட்டியா?"

"இல்ல பா."

"பின்ன இது யார் கை?"

அவன் காரைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். நான் கோபத்தில் கண்ணாடியைப் பிடுங்கி எடுத்தேன். ஒரு மூலையில் விரிசல் விட்டது. பிறகு உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் மேசைக்கு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பள்ளி, நண்பர்கள், பிறகு லியோனில் படிப்பு, அங்கேயே வேலை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. தொலைபேசியில் நான் எடுத்தால் "அம்மா இருக்காங்களா?" என்பான். அம்மாவிடம் பிரெஞ்சில் பேசுவான். அவன் தமிழ் பன்னிரண்டு வயதில் எங்கே நின்றதோ அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது அவனுக்கு இருபத்துநான்கு. லியோனில் தனி வீடு எடுத்துக் குடிபோகிறான். அந்த வீட்டுக்கு அந்தக் காரை முடித்துக் கொடுத்து, பழையதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்லத் திட்டமிட்டிருந்தேன். அவனை மன்னிப்பதாகத் திட்டம்.

பாகங்கள் அடங்கிய அந்த மாடல் பெட்டி இப்போது விற்பனைக்கு வருவதில்லை. விரிசல் விட்ட கண்ணாடிக்கு மாற்று வேண்டும். அந்தப் பழைய கண்ணாடியைப் பன்னிரண்டு வருடமாகத் துடைக்காமல், தேய்க்காமல், ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சுக்குள் வைத்திருந்தேன். ஆதாரமாக என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

4

பதிவு அலுவலகத்திலிருந்து நேராகத் தட்டாஞ்சாவடிக்குப் போனேன். நசீரும் நானும் அந்தச் சோப்பு டப்பாக் கடையில் ஒரே மேசையில் சோதனை பார்த்தவர்கள். இப்போது அவன் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். மெல்லிய தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, அச்சின் மேல் போர்த்தி, கீழிருந்து காற்றை உறிஞ்சினால் தாள் அச்சின் வடிவத்துக்கு வந்துவிடும். ஸ்வீட் கடைக்கும் பேக்கரிக்கும் டிரே செய்கிறான். முன்கண்ணாடியும் அப்படிச் செய்யலாம் என்பது என் கணக்கு.

"வாங்க பிரெஞ்சு முசியே! வூட்ட தங்கச்சிக்கே எழுதிக் குடுத்துட்டியாமே?"

"அதுக்குள்ள யாருடா சொன்னா?"

"இந்த ஊர்ல யாராவது சொல்லணுமா இன்னா. டீ சொல்லட்டா?"

கையோடு கொண்டுவந்திருந்த மாத்திரை டப்பாவைத் திறந்து கண்ணாடியைக் காட்டினேன். கூடவே அளவுத்தாளும் கொடுத்தேன். மேல் அகலம், கீழ் அகலம், நடு உயரம், வளைவு, எல்லாம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை. நசீர் படித்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னும் இந்த வியாதி போவலயா ஒனக்கு? நாள் முச்சூடும் டிரே இழுக்கற மிஷினுடா. நகம் மாரி இருக்கற ஒரு கண்ணாடிக்கு அத நிறுத்தணுமா?"

"நிறுத்து."

"நிறுத்தறேன். ஆனா இதும்மேல நேரா சூடு ஷீட்டப் போட்டா இது உருகிப் போயிடும். இதுலருந்து பிளாஸ்டர்ல அச்சு எடுக்கணும். மொதல்ல இந்த வெள்ளையத் தேச்சு எடுத்துடலாம், இரு."

தேய்க்கும் துணியோடு அதை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனான். வெளிச்சத்தில் சாய்த்தான். சோதனை செய்கிறவன் சாய்க்கிற சாய்ப்பு, எத்தனை வருடமானாலும் மாறாது. துணியைக் கீழே வைத்தான்.

"இது யார் கை?"

"பையன் கை. பன்னெண்டு வயசுல அவன் பண்ண வேலை."

மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஒன் எடது கையக் காட்டு."

காட்டினேன். காலையில் ஒட்டிய மை இன்னும் இருந்தது. அவன் மேசையில் இருந்த முத்திரைப் பேடில் என் கட்டைவிரலை அழுத்தி, ஒரு அட்டைத் துண்டில் பதித்தான். கண்ணாடியை அதன் பக்கத்தில் வைத்தான். அட்டையில் சாய்வாக ஒரு கோடு, முனையில் கொக்கி. கண்ணாடியிலும் சாய்வாக ஒரு கோடு, முனையில் கொக்கி. பன்னிரண்டு வருடத் தேய்ப்பில் என் விரலில் ரேகைகள் போய்விட்டிருந்தன. வெட்டு போகவில்லை.

"பிசிறு வெட்டும்போது பிளேடு எறங்கி, ஒன்ன சைக்கிள்ல ஒக்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனது நானு. ஏழு தையலு. என் புதுச் சட்டை பூரா ரத்தம். இந்தக் கோடு எனக்குத் தெரியாதா?"

நான் அட்டையை எடுத்துக் கண்ணாடியோடு மறுபடி ஒப்பிட்டேன்.

"ரவி, நீ செக்கிங்ல இருக்கறவன்டா. பன்னெண்டு வருஷமா இத ஒரு வாட்டி கூட திருப்பிப் பாக்கலியா?"

அந்தப் பசையின் ஆவி, வெறும் கை பட்ட இடத்தில் வெள்ளையாகப் படியும். கையில் பசை இருக்க வேண்டியதில்லை. வியர்வை போதும். மூடிய பெட்டியில் இன்னும் நன்றாகப் படியும். இதையெல்லாம் பின்னால் சங்கத்தில் கற்றுக்கொண்டேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு கண்ணாடிக்கு மட்டும் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. எனக்குக் கையுறை விதி இருந்தது அல்லவா.

பட்டறை வாசலில் நின்று பிரான்சில் இருந்த மாலாவைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். அங்கே காலை நேரம். சேலஞ்சர் நோட்டை எடுத்து, கண்ணாடி பொருத்திய நாளைப் படிக்கச் சொன்னேன்.

அவள் படித்தாள். "'பத்து இருபது. கையுறை துவைத்தது, கொடியில் ஈரமாக இருக்கிறது. கண்ணாடியை வெறும் கையால் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்துகிறது. பத்து நாற்பது. சிறு கண்ணாடி ஒட்டினேன். தூசிக்காகப் பெட்டியில் மூடினேன்.'"

"அடுத்த நாள்?"

"ஒரே ஒரு வரிதான் இருக்கு. 'அருண் தொட்டிருக்கிறான். கேட்டால் பொய் சொல்கிறான்.'"

அவள் நோட்டை மூடும் சத்தம் கேட்டது.

"அடுத்தடுத்த வரியா நீங்களேதான் எழுதி வச்சிருக்கீங்க" என்றாள் மாலா. "எல்லாத்தையும் எழுதுறீங்க. எழுதுனத ஒருநாளாவது படிச்சிருக்கலாம்."

உள்ளே வந்தபோது நசீர் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தான். "வெள்ளையத் தேய்க்கல. அப்பிடியே களிமண்ல பதிச்சு அச்சு எடுக்கறேன். நாளைக்கு வா. மொதல்ல பையன்கிட்ட பேசு."

5

மறுநாள் பதினோரு மணிக்கு, லியோனில் காலை ஏழரை, வைத்திக்குப்பம் கரையில் நின்று அருணை அழைத்தேன். வீட்டில் வசந்தியும் அவள் கணவரும் இருந்தார்கள், அவர்கள் முன்னால் பேச முடியாது. கரையில் நாலைந்து படகுகள் வந்திருந்தன. யாரும் யாரையும் கவனிக்காத நேரம்.

எடுத்ததும் அவன் கேட்டது: "அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

நானாக அவனை அழைப்பது அத்தனை அரிது.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. கண்ணாடி விஷயம்."

"எந்தக் கண்ணாடி?"

"கத்தரிப்பூ கார்."

மறுமுனையில் ரயில் சத்தம் மட்டும் கேட்டது. இரவெல்லாம் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை.

"அது என் கை அருண். உன் கை இல்ல. நான்தான் வெறும் கையால தொட்டேன். நீ பொய் சொல்லல."

"தெரியும் பா."

"தெரியுமா?"

"அன்னிக்கே என் வெரல அதுமேல வச்சுப் பாத்தேன். அது பெருசு. என்கிட்ட அந்தக் கோடு இல்ல. உங்ககிட்ட இருக்கு."

அவன் தமிழில் பேசினான். பன்னிரண்டு வயதுப் பையனின் தமிழ். கோபம், வருத்தம் போன்ற சொற்கள் அதில் இல்லை. பெருசு, சின்னது, இருக்கு, இல்ல, இவ்வளவுதான்.

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நான் இல்லன்னு சொன்னேனே. நீங்க எழுதிட்டு இருந்தீங்க."

பக்கத்தில் ஒரு கூடையைச் சுற்றி விலை பேசுகிற குரல்கள் உயர்ந்தன. அங்கே என்ன சத்தம் என்று கேட்டான். மீன் விக்கிறாங்க என்றேன். என்ன மீன் என்றான். பார்த்துச் சொன்னேன், சங்கரா. அந்தச் சொல் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"தப்பு என்னுதுடா" என்றேன்.

"சரி பா." பிறகு, "வயரு இருக்கா இன்னும்?"

"எட்டும் அப்பிடியே இருக்கு. நான் தொடல."

"ஒண்ணு, எட்டு, நாலு, மூணு..." நின்றான். "ஆறு, அஞ்சு..."

"ஏழு, ரெண்டு" என்றேன்.

புதுக் கண்ணாடி செய்வதைச் சொன்னேன். பழையதா புதியதா, எதைப் போடுவது என்று கேட்டேன். பார்க்காமல் சொல்ல முடியாது என்றான். ஒட்டிவிட வேண்டாம் என்றான்.

6

நசீர் ஒன்று கேட்டதற்கு ஐந்து இழுத்து வைத்திருந்தான். "நாலு ஒனக்கு, ஒண்ணு தப்பு பண்ண" என்றான். என் அளவுத்தாளோடு ஒப்பிட்டேன். மூன்று சரியாக இருந்தன. அதை அவனிடம் சொன்னபோது அவன் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

திரும்பி வரும்போது பாரிஸ் விமான நிலையத்தின் தானியங்கிக் கதவும் என் விரலை ஏற்கவில்லை. அதிகாரி இருக்கும் வரிசைக்கு அனுப்பினார்கள். அது வழக்கம்தான், எனக்கு நாற்பது நிமிடம் கூடுதலாகும்.

வீட்டுக்கு வந்த அன்று சேலஞ்சர் நோட்டை எடுத்தேன். பக்கத்தைக் கிழிக்கவில்லை. மேலே எழுதவும் இல்லை. அந்தக் கடைசி வரியின்மேல் ஒற்றைக் கோடு போட்டேன். கீழே என்ன இருந்தது என்று படிக்க முடியும். பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அருண் வந்தான். லியோனிலிருந்து முதல் ரயிலைப் பிடித்திருக்க வேண்டும். ஒன்பதே காலுக்கு வாசலில் நின்றான். மாலாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, காலணியைக் கழற்றிவிட்டு, நேராக மேசைக்கு வந்தான். அவன் நாற்காலி அவனுக்குச் சிறியதாக இருந்தது. சேலஞ்சரின் முன்மூடியைத் திறந்து வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். நோட்டைத் திறந்து அடித்த வரியைப் படித்தான், தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி. நோட்டை மூடி மேசையோரம் வைத்தான். விரிசல் விட்ட பழைய கண்ணாடியை டப்பாவில் போட்டு மூடித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நசீர் செய்து தந்த ஐந்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து ஒன்றை எடுத்துத் தனியே வைத்தான். அளவில் சரியாக இருந்த மூன்றில் ஒன்றுதான் அது.

வெள்ளைப் பசை எடுத்து வைத்தேன், ஆவி வராதது. பெட்டி மூடியை அலமாரியிலேயே விட்டுவிட்டேன்.

"கையுறை எங்க பா?" என்றான்.

"காலையில துவைச்சுப் போட்டேன்" என்றேன். "இன்னும் காயல."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கண்ணாடியைத் தொடாமல் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். நானும் வைத்துக்கொண்டேன். மாலா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேரும் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். கொடியில் இருந்த கையுறையைக் காட்டினேன். காயும் வரை உட்கார்ந்திருந்தோம்.